பண்படுத்தும் அறை

காலை வெட்டி எடுத்தது முதலா, கிருமியை உள்ளே சேர்த்துக்கொண்டது முதலா என்பதை இப்போது அடித்துச் சொல்ல முடியாது. நினைவு அப்படிப்பட்டது. கூட்டத்தில் யார் எழுந்து பேசினார்கள், எந்தச் சொல்லுக்குக் கைதட்டினார்கள் என்பதெல்லாம் நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. ஒரு மனிதனின் கால் எப்போது போனது என்பது மட்டும் முன்னும் பின்னுமாக நழுவுகிறது. தட்டுக்காரம்மாவையே கேட்டாலும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வரிசை சொல்வாள். அல்லது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆகவே வரிசையில் பிசகு இருந்தால் இருக்கட்டும். நடந்தது இதுதான்.

தட்டுக்காரம்மா அந்த ஆய்வு நிலையத்தில் தட்டு ஊற்றுகிறவள். கடற்பாசிக் கூழைக் காய்ச்சி, பெரிய குக்கரில் வேகவைத்து, உள்ளங்கை அகலத் தட்டுகளில் ஊற்றி ஆறவைப்பாள். கூழ் கண்ணாடிபோல் இறுகும். அதன்மேல் கிருமியைத் தடவி, ஏதாவது ஒரு செடியின் சாற்றில் நனைத்த சின்னக் காகித வில்லையை நடுவில் வைத்து, வெதுவெதுப்பான பெட்டிக்குள் விட்டுவிடுவார்கள். மறுநாள் தட்டு முழுவதும் கிருமி பாசிபோல் படர்ந்திருக்கும். சாறு கிருமியைக் கொன்றிருந்தால் வில்லையைச் சுற்றி வெறுமையாக ஒரு வட்டம் தெரியும். வட்டம் பெரிதானால் சாறு நல்ல சாறு.

அந்த நிலையம் வாழ்ந்தது அந்த வட்டத்தில்தான். வாசலில் பெரிய பலகை: 'மருந்துக்கு அடங்காத கிருமிகளை இலையால் வெல்வோம்.' நடைகூடம் முழுக்கச் சட்டம் போட்ட வட்டங்களின் படங்கள். திங்கட்கிழமை காலையில் எல்லோரும் கூடத்தில் எழுந்து நிற்க, இயக்குநர் கையுறை போட்டுக்கொண்டு, வெள்ளிக் கவராயத்தால் அந்த வாரத்து வட்டங்களை அளப்பார். ஒவ்வொன்றையும் அளந்து முடித்ததும் தலையை மெதுவாக ஆட்டுவார். அவர் ஆட்டிய பிறகு மற்றவர்கள் ஆட்டலாம்.

வட்டம் வராத திங்கட்கிழமை என்று ஒன்று இருந்ததே இல்லை. அதற்குக் காரணம் பெரியவர்.

பெரியவர் என்பது ஒரு கிருமி. நிலையத்தைத் தொடங்கியவர் தன் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். மருந்து என்ற ஒன்றைக் கண்ணால் கண்டிராத காலத்துக் கிருமி. அன்றிலிருந்து தட்டு மாற்றித் தட்டு மாற்றி அவரைக் காப்பாற்றி வருகிறார்கள். எந்தச் சோதனையானாலும் அவர்மேல்தான். பெரியவர் மிகவும் ஒத்துழைப்பார். வேலியோரக் கொடியைக் காட்டினாலும் இறந்துவிடுவார், தோட்டக்காரர் பிடுங்கிப் போட்ட களையைக் காட்டினாலும் இறந்துவிடுவார். ஒருமுறை வில்லை தவறிப்போய்த் தோட்டக்காரரின் ஆறிப்போன தேநீரில் விழுந்தது. அதற்கும் அழகான வட்டம் வந்தது. 'பதப்படுத்திய இலைச் சாறு' என்ற பெயரில் அதுவும் தேறியது.

இதிலெல்லாம் தட்டுக்காரம்மாவுக்குச் சந்தேகம் வந்ததில்லை. தான் ஊற்றிய தட்டில் வட்டம் வருவது அவளுக்குச் சந்தோஷம். அவ்வளவுதான்.

அவளுடைய தம்பி லிப்ட் மெக்கானிக். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிப்டுக்கும் சுவருக்கும் நடுவே அவன் கால் சிக்கிக்கொண்டது. எலும்பைச் சேர்த்துவிட்டார்கள். புண்தான் ஆறவில்லை. அவன் படுத்திருந்த ஆஸ்பத்திரி நிலையத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம். சுவரில் வழி இல்லாததால் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

"அடிபட்டது என் காலு. நீ ஏன்க்கா நொண்டி நொண்டி வர்றே?" என்பான் தம்பி.

"நாள் பூரா நின்னு தட்டு ஊத்தினா தெரியும். உன்ன மாதிரி கால நீட்டிப் படுத்துக்கிட்டு பேச எனக்கு நேரமில்ல."

ஒருநாள் வார்டு டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். சரியாகத் தூங்கிப் பல நாளானதுபோல் கண் சிவந்திருந்த பெண் அவர். மேஜைமேல் ஒரு தட்டு இருந்தது. விதவிதமான மருந்தில் நனைத்த வில்லைகளை அதில் வட்டமாக வைத்திருந்தார்கள். வில்லைகளின் விளிம்புவரை பாசி.

"உங்க தம்பி புண்ணுல இருந்து எடுத்ததும்மா இது."

தட்டுக்காரம்மா தட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வட்டமில்லாத தட்டை அவள் வாழ்க்கையிலேயே பார்த்ததில்லை. மூக்கில்லாத முகத்தைப் பார்த்ததுபோல் இருந்தது.

"வட்டம் எங்கேங்க?"

"இல்ல. அதான் பிரச்சினை."

"கூழ் சரியா ஆறலையோ? சில நேரம் மூடியில ஈரம் நின்னுடும். அப்போ பாருங்க..."

"தட்டு சரியாத்தான் இருக்கு. இருக்கற மருந்தெல்லாம் வெச்சுப் பாத்தாச்சு. எதுக்கும் அசையல."

தட்டுக்காரம்மா தட்டை மேஜைமேல் வைத்தாள். பிறகு அவளுக்கு உயிர் வந்தது. வாசல் பலகை நினைவுக்கு வந்தது. மருந்துக்கு அடங்காத கிருமி, இலையால் வெல்வது. அதைத்தானே இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள், சுவருக்கு இந்தப் பக்கம்!

"நீங்க கவலைப்படாதீங்க டாக்டர். எங்க ஆளுங்க பாத்துக்குவாங்க," என்றாள்.

அவள் கேட்டது ஒரு சின்ன உதவிதான்: தம்பியின் கிருமியைத் தட்டில் தடவி, நிலையத்தின் சாறுகளை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்காகக் குழு கூடியது. அவளை மேஜையின் கடைக்கோடியில் நிற்க வைத்தார்கள்.

"வெளியாள் கிருமியா?" என்று கேட்டார் துணை இயக்குநர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. "அதுவும் ஆஸ்பத்திரியில கெடந்தது. நோயாளிங்களோட பழகினது. சகவாசம் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சீங்களா?"

பாதுகாப்பு அதிகாரி எழுந்தார். "நம்ம கட்டடம் கிருமியே இல்லாத கட்டடம்னு பட்டயம் வாங்கியிருக்கோம். அதைக் கெடுக்கச் சொல்றீங்களா?"

"அப்போ பெரியவர்?" என்று கேட்டுவிட்டாள் தட்டுக்காரம்மா. எதிர்த்துக் கேட்க வேண்டும் என்று கேட்டதில்லை. புரியாமல்தான் கேட்டாள்.

இயக்குநர் வருத்தத்தோடு அவளைப் பார்த்தார்.

"பெரியவர் கிருமி இல்லம்மா. அவர் பாரம்பரியம்."

எல்லோரும் தலையாட்டி முடித்ததும் அவரே தொடர்ந்தார். "நீங்க எந்த இடத்துல நின்னு பேசறீங்கன்னு நினைச்சுப் பாருங்க. இத்தனை வருஷத்துல, அடங்காத கிருமி ஒண்ணுகூட இந்த வாசப்படியத் தாண்டினது கிடையாது. அடங்காத கிருமிக்கு எதிரா இதைவிடப் பெரிய வெற்றி எந்த நிலையத்துக்கு இருக்கு, சொல்லுங்க?"

அவள் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். கூழ் சூட்டில் வெந்து வெந்து தடித்த கைகள்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தலைமை அலுவலகத்துச் செயலாளர் பார்வையிட வருவதாகவும், 'புதுசா ஏதாவது காட்டுங்க' என்று கேட்டிருப்பதாகவும் அந்த வாரம் செய்தி வந்தது. குழு மறுபடியும் கூடி, அவளை மறுபடியும் நிற்க வைத்து, மனிதாபிமான அடிப்படையில் ஒரு முடிவுக்கு வந்தது. கிருமி வரலாம். நேரடியாகச் சோதனைக்கு வர முடியாது. முதலில் பண்படுத்தும் அறையில் தங்கவேண்டும். பண்பட்ட பிறகு உள்ளே சேர்த்துக்கொள்ளப்படும்.

ஆஸ்பத்திரியிலிருந்து சின்னக் குப்பியை வாங்கி, துணியில் சுற்றி, தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வாசல் காவலர் மறித்தார்.

"உள்ள யாரு?"

"கிருமிங்க."

"எத்தனை பேரு?"

"எண்ண முடியாதுண்ணே."

"கூட்டமா விட உத்தரவில்லம்மா. ஒருத்தர்னு சொல்லுங்க."

"ஒருத்தர்," என்றாள்.

பண்படுத்தும் அறையில் இளஞ்சூடு, நல்ல வெளிச்சம். எந்த மருந்தும் அந்த அறைக்குள் நுழையக்கூடாது. தலைவலி மாத்திரை போட்டுக்கொண்ட ஊழியர்கூட வீட்டுக்குத்தான் போகவேண்டும். கிருமிக்கு இறைச்சிச் சாறும் சர்க்கரையும் கலந்த சத்தான கூழ். ஒரு தட்டில் நன்றாக வளர்ந்ததும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து அடுத்த தட்டுக்கு மாற்றவேண்டும். அவ்வப்போது குழு வந்து, இருப்பதிலேயே பலவீனமான மருந்தில் நனைத்த ஒரு வில்லையை வைத்துப் பார்க்கும். கிருமி வில்லைவரை படர்ந்திருந்தால், "இன்னும் பக்குவம் வரல," என்று சொல்லிவிட்டுப் போகும். என்றைக்கு அது செத்துக் காட்டுகிறதோ அன்றைக்கு அது சோதனைக்குத் தகுதி பெறும்.

"எப்படிங்க அடங்கும்?" என்று துணை இயக்குநரைக் கேட்டாள்.

"சண்டையே இல்லாத இடத்துல எத்தனை நாளைக்குக் கவசத்தைச் சுமப்பான்? பாரம்தானே? ஒருநாள் கழட்டிப் போட்டுட்டு ஹாயா இருப்பான். அப்போ பிடிச்சுக்கலாம்."

அவளுக்கு அது நம்பிக்கையாக இருந்தது. தினமும் காலையில் முதல் வேலையாக அந்த அறைக்குப் போவாள். மூடியைத் திறக்காமல் தட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, "சமத்தா இரு. சீக்கிரம் அடங்கிடு," என்பாள். யாரும் பார்க்காதபோதுதான்.

மாலையில் தம்பியிடம் போய்ச் சொல்வாள். "இன்னிக்குக் கொஞ்சம் பரவால்ல. ஒரு ஓரத்துல இளகின மாதிரி தெரிஞ்சுது."

"சாப்பாடெல்லாம் ஒழுங்கா போடறாங்களா அதுக்கு?"

"இறைச்சிச் சாறு. சர்க்கரை போட்டு."

"அடேயப்பா! எனக்கு இங்க தண்ணி மாதிரி ஏதோ குடுக்கறாங்க." அவன் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தான். "நான் லிப்ட் கம்பெனியில ஒப்பந்தத்துலயே காலத்த ஓட்டிட்டேன். என் கிருமிக்குப் பாரு, போன உடனே தங்க இடம், சாப்பாடு, நிரந்தர வேலை. கொடுத்து வெச்சவன்."

"வாய மூடு."

அவன் வாயை மூடினான். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமி ஓய்ந்தார். வெளிச்சம் ஜன்னலிலிருந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்து சுவருக்கு ஏறியது.

"அக்கா."

"ம்."

"அங்க இருக்கறது அடங்கிருச்சுன்னா, இங்க இருக்கறது எப்படி அடங்கும்? ரெண்டும் பேசிக்குமா?"

அவளுக்குக் கோபம் வந்தது. எதற்கென்று தெரியவில்லை. போர்வையை இழுத்து அவன் நெஞ்சுவரை மூடினாள். "படிச்சவங்க பண்றாங்க. உனக்கு என்ன தெரியும்?" என்றாள்.

காலை எடுத்தது இந்த இடத்திலாகத்தான் இருக்கவேண்டும். முதலில் முட்டிக்குக் கீழே. புண் மேலே ஏறியதும் முட்டிக்கு மேலே. அவன், "இனிமே நீ நொண்டறத நான் கேலி பண்ண முடியாது," என்றது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

கிருமி பக்குவப்பட்டது. பலவீனமான மருந்தைக் கண்டதும் செத்தது. குழு எழுந்து நின்று கைதட்டியது. அதற்கு 'இளையவர்' என்று பெயர் சூட்டி, அன்றிலிருந்து 'அவர்' என்றே குறிப்பிடும்படி எல்லோருக்கும் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது.

செயலாளர் வந்த நாளில் கூடம் நிறைந்திருந்தது. இளையவர்மேல் வேலியோரக் கொடியின் சாற்றை வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்தபோது வட்டம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. தட்டே வட்டமாக இருந்தது. இயக்குநரின் கவராயம் அந்த அளவுக்கு விரியவில்லை.

அவர் மேடையேறிப் பேசினார். "இந்தக் கிருமி இங்கே வந்தபோது எப்பேர்ப்பட்ட முரடாக இருந்தது! இன்று பாருங்கள், தொடுவதற்கு முன்பே உயிரை விடுகிறது. உலகமெல்லாம் புதிய மருந்தைத் தேடி அலைந்துகொண்டிருக்கிறது. நாம் அலையவில்லை. மருந்துக்குத் தகுந்த கிருமியை உருவாக்கிவிட்டோம்."

செயலாளர் வியந்துபோனார். "எல்லாக் கிருமியையும் இப்படிப் பண்ணிட்டா நாட்டுல நோயே இருக்காதே?"

"அதற்காகத்தான் இன்னொரு கட்டடம் கேட்டிருக்கிறோம்," என்றார் இயக்குநர்.

கூட்டத்திலேயே அதிகமாகக் கைதட்டியது தட்டுக்காரம்மாதான். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் மேஜையிலிருந்த சாற்றுப் புட்டியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, தெருவைச் சுற்றி ஓடினாள்.

வார்டு டாக்டர் புட்டியை வாங்கிப் பார்த்தார். அவள் மூச்சிரைக்கச் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"எத்தனை நாள் மருந்தே இல்லாம வளத்தீங்க?"

"அடங்கற வரைக்கும் டாக்டர்."

டாக்டர் நாற்காலியை இழுத்து அவளை உட்காரச் சொன்னார். "அது இப்போ வேற கிருமி ஆயிடுச்சும்மா. இங்க தம்பி உடம்புல இருக்கறதுக்கு நாங்க தினமும் மருந்து ஏத்திக்கிட்டே இருக்கோம். அது எப்படிக் கவசத்தக் கழட்டும்?"

"ஒரு தடவை புண்ணுல ஊத்திப் பாருங்களேன்."

"புண்ணுல ஊத்த மாட்டேன். தட்டுல சாகறதெல்லாம் உடம்புலயும் சாகும்னு இல்ல. அந்தச் சாறு அவருக்கு என்ன பண்ணும்னும் தெரியாது. இங்க இருக்கற கிருமிமேல வெச்சுப் பாக்கறேன். அது என்னால முடியும்."

மறுநாள் தட்டைக் காட்டினார். வில்லை, பாசி படிந்த குளத்தில் விழுந்த காகிதம்போல் மூழ்கிக் கிடந்தது.

"உங்ககிட்ட வேற சாறு இருக்கா?"

"அலமாரி அலமாரியா இருக்கு டாக்டர்."

"அதுல எது நல்லா வேலை செய்யும்? முதல்ல எதை வெச்சுப் பாக்கலாம்?"

தட்டுக்காரம்மா யோசித்தாள். நடைகூடத்துப் படங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். "எல்லாமே நல்லதுதான்," என்றாள். "எல்லாமே தேறினது."

டாக்டர் எழுத எடுத்த பேனாவைத் திரும்ப மூடினார். அப்போதுதான் அவளுக்கு முதன்முதலாக ஏதோ புரிந்தது. அந்த அலமாரிகளில் தம்பியைக் காப்பாற்றக்கூடிய ஒரு சாறு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எது என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒருவரும் ஒருநாளும் முயன்றதில்லை.

"அத்தனையும் கொண்டாங்க," என்றார் டாக்டர். "வெச்சுப் பாப்போம். சீக்கிரம்."

தம்பி முகத்தைப் பார்த்தே கேட்டான். "வட்டம் வரலையா?"

"வந்துச்சு. கொஞ்சம் சின்னதா."

"பொய் சொன்னா உனக்குக் காது செவக்கும்." அவன் குரல் வற்றியிருந்தது. "விடுக்கா. அங்க இருக்கறதாவது நல்லபடியா இருக்குல்ல."

அவள் நிலையத்து வாசலிலேயே இயக்குநரின் காரை மறித்தாள். கையில் ஆஸ்பத்திரித் தட்டு. அவர் கண்ணாடியை இறக்கினார். தட்டைப் பார்த்ததும் பாதி ஏற்றினார்.

"இந்த மாதிரித் தட்டுங்களாலதான் ஜனங்களுக்கு நம்பிக்கை போகுது."

"சார், அலமாரியில இருக்கற சாறுல எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குடுங்க சார். அவங்க வெச்சுப் பாக்கறாங்களாம். ஏதாவது ஒண்ணு கேக்காதா சார்?"

"தேறினதை மறுபடியும் பரிட்சை எழுத வைக்கறதா?" அவர் குரலில் கடுமை இல்லை. வேதனைதான் இருந்தது. "ஒண்ணு ரெண்டு பெயிலாச்சுன்னா அந்த இலைங்களோட கதி என்ன? இத்தனை வருஷத்து வட்டங்களுக்கு என்ன மரியாதை? பாருங்கம்மா, தப்பு இலைமேலயும் இல்ல, கிருமிமேலயும் இல்ல. கிருமியை நாம திருத்திக் காட்டிட்டோம். உங்க தம்பிதான் ஒத்துழைக்கல."

கார் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போய் நின்றது. அவர் தலையை வெளியே நீட்டினார்.

"மனசு விட்டுடாதீங்க. அவரோட கிருமிக்கு நாங்க இருக்கோம்."

அன்றே அலமாரிகளுக்குப் புதிய பூட்டு போடப்பட்டது.

தம்பி இறந்துபோனான். அந்த வாரமா, அடுத்த வாரமா என்பதும் இப்போது நிச்சயமில்லை. இயக்குநர் தலைமை அலுவலகத்துக்கு உயர்ந்து போனார். துணை இயக்குநர் இயக்குநரானார். தலையை அவரைப்போலவே மெதுவாக ஆட்டுகிறார். செயலாளர் திறந்துவைத்த புதுக் கட்டடத்தில் பண்படுத்தும் அறைகள் மட்டுமே இருக்கின்றன. ஆஸ்பத்திரிப் பக்கத்துச் சுவரை ஓராள் உயரம் கூட்டிக் கட்டிவிட்டார்கள். வார்டு டாக்டர் அதே வார்டில் இருக்கிறார். அதே மாதிரித் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாசல் காவலர் ஓய்வு பெற்றார். தோட்டக்காரரின் தேநீர் இன்னும் தேறியவற்றில் ஒன்றாக இருக்கிறது.

தட்டுக்காரம்மா இன்னும் அங்கேதான் தட்டு ஊற்றுகிறாள். ஒருமுறை இளையவரின் தட்டை எடுத்துக்கொண்டு, கொதிக்கும் குக்கரின் முன்னால் நெடுநேரம் நின்றாளாம். போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தம்பியின் உடம்பிலிருந்து வந்ததில் உயிரோடு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மூடியைத் துடைத்து, புதுத் தட்டுக்கு மாற்றி, பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

பெரியவர் நலமாக இருக்கிறார். இளையவரும் நலமாக இருக்கிறார்.